ஒட்டீலியே அமிலம்

அடுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்திச் சந்தேகம் கேட்டால் எனக்குக் கோபம் வரும், வந்தால் லேசில் போகாது.

நான் சொல்வது சோறு வடிக்கிற அடுப்பு இல்லை. ஒரு வேதிப்பொருளின் பெயரை உள்ளே கொடுத்தால் அந்தப் பொருளையே செய்து வெளியே தரும் இயந்திரம். மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. பீரோ உயரம், இரண்டு பீரோ அகலம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், அதனால் எல்லோரும் அடுப்பு என்றே சொல்கிறோம். பெயர் சரியாக இருந்தால் பொருள் சரியாக வரும். பெயரில் ஓர் எண் இடம் மாறினால் வேறு ஏதாவது வரும். அந்த வேறு ஏதாவது என்ன செய்யும் என்பது குடித்த பிறகுதான் தெரியும்.

சரி, பெயர்கள் எங்கிருந்து வரும்? இங்கேதான் ஜெர்மன்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே சாயத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. எதையாவது எதிலாவது ஊற்றி, வந்ததை முகர்ந்து, நக்கியும் பார்த்து, நோட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவற்றில் பாதி எதற்கும் உதவவில்லை. இன்றைக்குத் தோண்டிப் பார்த்தால் ஒன்று வலிப்பை நிறுத்துகிறது, இன்னொன்று வாழையில் வரும் வாடல் நோயை விரட்டுகிறது. லட்சக்கணக்கான பக்கங்கள், அத்தனையும் ஜெர்மன். அவர்கள் பெயர் வைக்கும் அழகு தனி. ஹைட்ரஜனை அவர்கள் தண்ணீர்ச் சரக்கு என்பார்கள். ஆக்சிஜன் புளிப்புச் சரக்கு. நைட்ரஜன் மூச்சு முட்டும் சரக்கு. ஒளிவுமறைவு இல்லாத ஆட்கள். அந்தப் பெயர்களை அடுப்புக்குப் புரிகிற ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. திருச்சியில், பாலக்கரை பக்கம், வெளியே போர்டு இல்லாத ஒரு கட்டடம்.

இதற்கு மனுஷி எதற்கு, மென்பொருள் போதாதா என்று கேட்பீர்கள். முதலில் மென்பொருள்தான் செய்தது. அதற்கு எல்லாம் தெரியும், சந்தேகம் மட்டும் வராது. ஒரு ஊரில் அது மாற்றிக் கொடுத்த பெயரை வைத்து இருமல் மருந்து செய்தார்கள். இருமல் நின்றது. ஆனால் குடித்தவர்களுக்கு ஒரு வாரம் நீல நிறத்தில் வியர்த்தது. அந்த வாரம் முகூர்த்த நாள் வேறு. வெள்ளை வேட்டியில் வந்த மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ஊதாப் பூவாகத் திரும்பிப் போனார்கள் என்று கேள்வி. அதற்கப்புறம் சட்டம் வந்தது. ஒவ்வொரு பெயரும் இரண்டு மனிதர்கள் கையால் போக வேண்டும். ஒருவர் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல், அந்த ஆங்கிலத்தை மட்டும் படித்து, திரும்ப ஜெர்மனில் எழுதுவார். இரண்டு ஜெர்மனும் ஒத்துப்போனால்தான் அடுப்பு பற்றும். பற்றியதும் முதல் கிராம் வரும்போது, பெயரை மாற்றியவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். வெடித்தால் நமக்குத்தான் முதல் மரியாதை.

சட்டத்தின் முக்கியமான பகுதி இது: மாற்றுபவரும் திருப்புபவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவே கூடாது. எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று திருப்புபவருக்குத் தெரிந்துவிட்டால், அவர் காகிதத்தைப் படிக்கமாட்டார், ஆளைப் படிப்பார் என்பது அவர்கள் கணக்கு. அதனால் நான் கீழ்த்தளம், கிழக்கு வாசல். திருப்புபவர் முதல் மாடி, மேற்கு வாசல். எனக்கு அவர் எண் பதினாலு, அவருக்கு நான் எண் மூன்று. நடுவில் சுவரில் ஒரு பெட்டி. காகிதம் அதில் மேலே போகும், கீழே வரும். திருப்புபவர் விரும்பினால் ஓரத்தில் ஒரு வரி குறிப்பு எழுதலாம். பதினாலு விரும்பாத நாளே இல்லை. "பெயர் சரி. கமா அதிகம்." "பெயர் சரி. கையெழுத்து கோழி கிளறியது." இந்த ஆள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கமாட்டான் என்று முதல் வருஷம் முழுக்க மனதுக்குள் வைதேன்.

வீட்டிலும் வெளியிலும் என்ன வேலை என்று சொல்லக்கூடாது என்று எங்களிடம் உறுதிமொழி வாங்கியிருந்தார்கள். கேட்டால் வேறு ஒரு துறையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஊரறிந்த ஒரு துறையைச் சொல்லச் சொன்னார்களாம், தெருவே மனுவோடு வாசலில் வந்து நின்றுவிட்டது. அதனால் புள்ளியியல் துறை என்று மாற்றினார்கள். அருமையான ஏற்பாடு. புள்ளியியல் துறை என்று சொன்னால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

நான் சேர்ந்த மறு வருஷம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் அம்பலவாணன். பையன் புள்ளியியல் துறை, பெண்ணும் புள்ளியியல் துறை, தானாக அமைந்த பொருத்தம் என்று தரகர் பூரித்துப் போனார். பெண் பார்க்க வந்த அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அவர் எங்கே புள்ளியியல் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அவர் சட்டைக் கைப்பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் இரண்டு வீட்டாரும் எங்கள் அடக்கத்தை மெச்சி, அன்றே நாள் குறித்துவிட்டார்கள்.

நல்ல மனிதர். ஆபீசில் எனக்கு ஒரு முசுடு தொல்லை கொடுக்கிறது என்று சொன்னால், அப்படிப்பட்ட ஆளை விட்டுவைக்காதே, எழுத்தில் புகார் கொடு என்று தைரியம் சொல்வார். அவருக்கும் ஆபீசில் ஒரு தலைவலி இருந்தது. ஒரு நாள் அவர் சொன்ன தைரியத்தில் பதினாலு மேல் எழுத்தில் புகார் கொடுத்தேன். மறுநாள் அவர் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார், யாரோ ஒரு கிராதகி புகார் கொடுத்து மெமோ வந்துவிட்டதாம். நான் ஆறுதலாக வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை பாருங்கள்.

கல்யாணமாகிப் பதினோராம் மாதம், சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஜலதோஷம், உறுதிமொழியெல்லாம் மறந்து முனக ஆரம்பித்துவிட்டார். "கீழ்த்தளத்துல ஒரு பிரகஸ்பதி இருக்கு மங்கை. பேர் எழுதுறதுக்குப் பதிலா கமாவ மிளகுத்தூள் மாதிரித் தூவி மேல அனுப்புது." என் கரண்டி நின்றுவிட்டது. என்ன எண் என்று கேட்டேன். மூன்று என்றார். நான் பதினாலு என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சாம்பார் சாதத்தில் வழிந்து தட்டை விட்டு இறங்கி மேஜைக்கு வந்துவிட்டது, இரண்டு பேரும் துடைக்கவில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரண்டு பேரில் ஒருவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவார்கள். அப்போதுதான் ஒருவரையொருவர் பிடித்துப்போக ஆரம்பித்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டோம். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை, பதினேழு வருஷமாகிறது. அவர் ஸ்கூட்டரில் என்னை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போவார். சாப்பாட்டு நேரத்தில் அன்றைய பெயர்களைப் பேசுவோம். வேறு தம்பதிகள் சீரியல் பேசுவார்கள், நாங்கள் பென்சீன் பேசுவோம். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து கொடுத்த பெயர்கள் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இதில் ஒன்றுகூடப் பொருந்தாமல் இடித்ததில்லை. சுவரில் மாட்ட நற்சான்றிதழ் கொடுத்தார்கள், ஆளுக்கொன்று, தனித்தனி விழாவில்.

நாங்கள் செய்தது தப்புதான். அதை நான் மழுப்பமாட்டேன். ஆனால் ஆயிரத்து நானூற்று ஏழாம் பெயரையும் சொல்லியாக வேண்டும். அது என் தங்கை திலகவதி சாப்பிடும் வலிப்பு மருந்து. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாள். அதற்கு முன் ஒன்பது வயதிலிருந்தே அவளை மாடிப்படியில் தனியாக ஏறவிட மாட்டோம். அந்தப் பெயரை நான் மாற்றி, மேலே அனுப்பத் தயாராக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டார். அந்த நோட்டை எழுதிய ஜெர்மன்காரன் வளையத்தை எப்போதும் தப்பான மூலையிலிருந்து எண்ணுகிறவன், நீ முன்னால் சொன்ன நாலு பெயரிலும் அப்படித்தான், நீ இந்தக் காலத்து வழக்கப்படி எண்ணியிருக்கிறாய் என்றார். மறுநாள் திருத்தினேன். பெயர் தெரியாத இரண்டு பேர் செய்திருந்தால் தப்பான எண் ஆங்கிலத்துக்குப் போய், அதே எண் ஜெர்மனுக்குத் திரும்பி, அழகாகப் பொருந்தி, அடுப்பு பற்றியிருக்கும். வந்தது மருந்தாக இருந்திருக்காது. பதினொரு வருஷமாகத் திலகவதிக்கு வலிப்பு வரவில்லை. ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். நான் போன் செய்தால் வண்டியில் இருக்கிறேன், அப்புறம் பேசு என்று வைத்துவிடுகிறாள், அதற்கு நான் கோபித்துக்கொள்வதே இல்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் எங்கள் இருவர் வேலையோடு போகாது. சட்டப்படி, அறிமுகமான இருவர் கொடுத்த பெயர் செல்லாது. நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டும் அடுப்பில் பூட்டப்படும், புதிதாக இரண்டு பேர் முதலிலிருந்து மாற்ற வேண்டும். எங்கள் வேகத்தில் செய்தாலும் பதினேழு வருஷம். திலகவதிக்கு இப்போது நாற்பத்தொன்று.

இப்போது குறட்டைக்கு வருகிறேன். என் கணவரிடம் உள்ள ஒரே குறை அது, ஆனால் பத்து பேருக்குப் பங்கு போடலாம். அரிசி மில் ஓடுவதுபோல ஆரம்பிக்கும், நடுவில் பெல்ட் அறுந்து நின்றுபோகும், செத்துவிட்டாரோ என்று நான் எழுந்து உட்காரும்போது மறுபடி ஓடும். பதினெட்டு வருஷம் பொறுத்தேன். போன மாதம் எனக்கு எமில் கெஸ்லர் என்ற ஒரு ஜெர்மன் ரசாயனக்காரரின் நோட்டு வந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டாம் வருஷத்தது. அதில் ஓர் அமிலம். சாயத்துக்கு உதவவில்லை என்று எழுதி, தன் மனைவி ஒட்டீலியேயின் பெயரை அதற்கு வைத்திருந்தார். ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: செவ்வாய்க்கிழமை முதல் ஒட்டீலியே தூங்குகிறாள்.

தலைமையகத்தில் இதைத் தூக்க மருந்து என்று வகைப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் முந்தின பக்கத்தைப் புரட்டவில்லை. திங்களும் செவ்வாயும் கால் கரண்டி சாப்பிட்டது ஒட்டீலியே இல்லை, கெஸ்லர். கணவன் சாப்பிட்டு மனைவி தூங்கினாள் என்றால் அது என்ன மருந்து என்று எனக்கா தெரியாது? எனக்கு அந்த ஒட்டீலியேயைத் தெரிந்த மாதிரி இருந்தது.

இந்த மாதிரிப் பெண்டாட்டி பெயர், ஊர் பெயர் எல்லாம் அடுப்புக்குப் புரியாது; எங்கள் கைக்கு இதற்கு முன் ஒன்று வந்ததும் இல்லை. செய்முறையைப் படித்து, பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்து, ஒன்றரை வரிக்கு ஆங்கிலப் பெயர் கட்ட வேண்டும். திருப்புபவர் அதைப் பார்த்து ஜெர்மனில் ஒன்றரை வரி எழுதுவார். மூலத்தில் இருப்பதோ ஒட்டீலியே, ஆகவே பொருந்தாது, நிபுணர் குழுவுக்குப் போகும். குழு கூடி வடை சாப்பிட்டு முடிவு சொல்ல ஆறு மாதம்.

அன்று சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதன் பெண்டாட்டி ஒட்டீலியே தூங்க வேண்டும் என்பதற்காகக் கண்டதையும் தின்று, அந்த அமிலத்துக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறான், இங்கே ஒருத்தர் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால்கூடக் கேட்பதில்லை என்று ஆரம்பித்தேன். அவர், என் குறட்டை உனக்கு மட்டும்தான் கேட்கிறது என்றார். பேச்சு வளர்ந்தது. நான் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மூன்று நாள் பேசவில்லை. மூன்று நாளும் பெயர்கள் மௌனமாகப் பெட்டியில் மேலே போயின. ஒட்டீலியேயும் போனாள்.

நாலாம் நாள் தலைமையகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்திறங்கினாள். நப்பின்னை என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கரு வளையம், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள். நாங்கள் வழக்கமான தணிக்கை என்று நினைத்தோம். பதினோரு மணிக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாய் போன் செய்தார். முதல் கிராம் வருகிறது, வந்து நில்லுங்கள் என்றார். எந்தப் பெயர் என்று கேட்டேன். கெஸ்லர் நோட்டு என்றார். அது குழுவுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அடுப்பறையில் நப்பின்னை நின்றுகொண்டிருந்தாள். தட்டில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி, கல் உப்பு மாதிரி. அவள் கையில் பதினாலாம் எண்ணின் காகிதம். அந்தக் கையெழுத்தை நான் இத்தனை வருஷமாகப் பெட்டியில் பார்க்கிறேன். ஒன்றரை வரி இல்லை. ஒரே ஒரு பெயர், ஒட்டீலியே அமிலம் என்று ஜெர்மனில், அழகாக, கமா இல்லாமல்.

"நம்பர் பதினாலு ரொம்பக் கெட்டிக்காரர் மேடம்," என்றாள் நப்பின்னை. "ஒன்றரை வரி இங்கிலீஷைப் படிச்சிட்டு, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தரோட பொண்டாட்டி பேர் என்னன்னு கண்டுபிடிச்சிருக்காரு."

அந்த நொடியில் எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழுவில் ஆறு மாதம் கிடக்கக் கூடாது, இவள் ஹாலிலிருந்து சீக்கிரம் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதர் யோசித்திருப்பார். பதினேழு வருஷம் அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர், மூன்று நாள் நான் பேசாததில் புத்தி பேதலித்துப் போயிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காதர் பாய் முன்னால் அழக்கூடாது என்று தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழைய நூல் ஏதாவது அவர் படித்திருக்கலாம் என்று உளறினேன். நப்பின்னை காதர் பாயை டீ வாங்கி வர அனுப்பினாள். பிறகு பையிலிருந்து இரண்டு பணிப் பதிவேடுகளை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என்னுடையதில் கணவர் பெயர் என்ற கட்டத்தில் அம்பலவாணன், புள்ளியியல் துறை என்று இருந்தது. மற்றதில் பதினாலாம் எண், அம்பலவாணன். மனைவி பெயர் கட்டத்தில் மங்கையர்க்கரசி, புள்ளியியல் துறை. இத்தனை வருஷமாக அவை இரண்டும் ஒரே அலமாரியில் இருந்திருக்கின்றன, ஒருவரும் சேர்த்துத் திறந்து பார்த்ததில்லை.

"எப்ப பார்த்தீங்க?"

"வர்றதுக்கு முன்னாடியே. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றாள். ஒருவரையொருவர் அறியாத ஜோடிகள் நூறு பெயருக்கு மூன்று இடத்தில் இடிப்பார்களாம், மாநிலம் முழுக்க அதுதான் சராசரி. இடிக்காத ஜோடிகள் நாலே நாலு. ஒரு ஜோடி மச்சான் மைத்துனர்கள். ஒரு ஜோடி அடுத்தடுத்த வீடு. மூன்றாவது ஜோடி தினமும் ஒரே ரயிலில் சீட்டு விளையாடுகிறார்கள். நாலாவது நாங்கள். அவள் இதை ஒப்பிப்பதுபோல் சொன்னாள், அதில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

நான் வேலையைப் பற்றிக் கெஞ்சவில்லை. எங்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பெயர்களைப் பூட்டாதீர்கள் என்றேன். திலகவதியைப் பற்றிச் சொன்னேன். தப்பான மூலையிலிருந்து எண்ணின ஜெர்மன்காரனைப் பற்றி, அவர் கீழே வைத்த கவளத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். "நாங்க பேசிக்கலன்னா அவ இன்னிக்கு இருக்கமாட்டா மேடம். நாங்க பேசிக்கிட்டோம்னு தெரிஞ்சா நாளைக்கு இருக்கமாட்டா. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

நப்பின்னை பதினாலாம் எண்ணின் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். "தப்பே பண்ணாததுதான் நீங்க பண்ண தப்பு அக்கா," என்றாள். மேடம் அக்காவானதை நான் அப்புறம்தான் கவனித்தேன். "ஒட்டீலியே முதல் தப்பா இருக்கட்டும். அவர் ஒன்றரை வரிக்கு ஜெர்மன்ல எழுதி அனுப்பட்டும். பொருந்தாது. குழுவுக்குப் போகும். இனிமே நூத்துக்கு மூணு இடிக்கணும். இடிச்சா அடுப்பு பத்தாது, யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

மூன்று தப்பையும் யார் செய்வது, நானா அவரா என்று கேட்டேன். எனக்கு அது முக்கியமான விஷயம். அது உங்கள் குடும்ப விவகாரம் என்றாள்.

பொருந்தாத பெயருக்கு முதல் கிராம் வந்திருக்கவே கூடாது, அதனால் வந்ததை அழிக்க வேண்டியிருந்தது. டீயோடு வந்த காதர் பாயிடம், இது சோதனை ஓட்டம், தட்டைக் கழுவிவிடுங்கள் என்றாள். அவர் காரத்தண்ணீரில் கொட்டினார். லேசாக நுரைத்தது, அவ்வளவுதான். என்னுடைய ஆறு மாதத் தூக்கம் குழாயில் இறங்கிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சாயங்காலம் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பஞ்சு இருக்கிறது, காதில் வைத்துக்கொள்ளலாம்.

நப்பின்னை அறிக்கையை அங்கேயே எழுதினாள். அரைப் பக்கம். எனக்குப் பயம் முழுதாக விடவில்லை. உங்கள் அறிக்கையை யாரும் சரிபார்க்க மாட்டார்களா என்று கேட்டேன். தணிக்கைக்கும் அதே விதிதான், இன்னொரு அதிகாரி முதலிலிருந்து சரிபார்த்து ஒத்துப்போக வேண்டும், அவர் யார் என்று தணிக்கை செய்பவருக்குத் தெரியக்கூடாது என்றாள்.

"அவர் ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்குவாரு."

இதில் மட்டும் அவளுக்கு எங்கிருந்து இத்தனை நிச்சயம் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் பேனாவை மூடி, காகிதங்களைப் பைக்குள் வைத்து, கிழக்கு வாசல் வரை என்னோடு நடந்து வந்தாள். வாசலில் நின்று, ஒட்டீலியே விஷயத்தில் குழு சீக்கிரம் முடிவு செய்ய வழி உண்டா என்று, யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள். வெயிலில் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கரு வளையம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கண்ணாடியில் நான் பார்க்கிற அதே வளையம்.

"உங்க வீட்லயுமா?" என்றேன்.

"அரிசி மில்லு," என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

பாவமாக இருந்தது. காதில் பஞ்சு வைக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில், சார் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "புள்ளியியல் துறை," என்றாள்.

நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை.